உழைச்செல்வான்: குறள் 950உம் கோலார் தங்க வயல் முதியோரும்

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ பத்துக் குறள்களால் ஆனது. முதற்குறள் நோயின் தோற்றத்தையும், அடுத்து வரும் ஆறு குறள்கள் உணவின் அளவையும், இறுதி மூன்று குறள்கள் மருத்துவ முறையையும் கூறுகின்றன. அவற்றுள் முடிவாக நிற்கும் 950ஆம் குறள், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. முதல் மூன்று கூறுகளைப் பற்றி உரையாசிரியர்களும் ஆய்வாளர்களும் விரிவாக எழுதியுள்ளனர். நான்காம் கூறாகிய உழைச்செல்வான் மருந்தின் துணைக்கருவி போன்றே பெரும்பாலும் கருதப்பட்டுள்ளான். முதுமையும் நீங்கா நோயும் சேர்ந்து வரும் இல்லங்களில் இந்நான்காம் கூறே பிற கூறுகளின் சுமையையும் தாங்குகிறது. கர்நாடக மாநிலத்தின் பங்காருபேட்டையை ஒட்டிய கோலார் தங்க வயலில் வாழும் தமிழ்ச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் முதுமை நிலையைச் சான்றாகக் கொண்டு, உழைச்செல்வான் என்னும் சொல்லின் பொருளை மறுவாசிப்புச் செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரைகளில் உழைச்செல்வான்

பரிமேலழகர் உழைச்செல்வானை மருந்தைப் பிழையின்றிச் செய்து கொடுப்பவனாகக் கொள்கிறார். மு. வரதராசனார் மருந்தை உடனிருந்து கொடுப்பவன் என்ற பொருள்பட உரை தருகிறார். 1886இல் குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப், நோயாளியின் பக்கத்தில் காத்திருப்பவன் என்னும் கருத்தில் மொழிபெயர்க்கிறார். இம்மூன்றையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலனாகும். தமிழ் உரைகள் இரண்டும் உழைச்செல்வானை மருந்தோடு இணைக்கின்றன. போப்பின் பெயர்ப்பு அவனை நோயாளியோடு இணைக்கிறது.

இவற்றுள் எது குறளின் சொல்லாட்சிக்கு நெருங்கியது என்பதைக் காணக் குறளே துணை செய்கிறது. ‘உழை’ என்பது பக்கம், இடம் என்னும் பொருளது. நன்னூல் இதனை ஏழாம் வேற்றுமையின் இடப்பொருள் உருபுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. 638ஆம் குறளில் அமைச்சன் ‘உழையிருந்தான்’ எனப்படுகிறான். அங்கு உழை என்பது அரசனின் பக்கம். 530ஆம் குறளில் ‘உழைப்பிரிந்து’ என்னும் தொடர், தன் பக்கத்தை விட்டு நீங்கிய சுற்றத்தானைக் குறிக்கிறது. அங்கும் உழை என்பது ஒருவனின் பக்கமே. இவ்விரு ஆட்சிகளையும் துணையாகக் கொண்டு நோக்கினால், 950ஆம் குறளில் உழை என்பது மருந்தின் பக்கம் என்பதினும் நோயுற்றவனின் பக்கம் என்பதே பொருத்தமாகும்.

638ஆம் குறளோடு ஒப்பிடுவதால் மற்றொரு பயனும் உண்டு. அரசன் அறிவுரையைப் புறந்தள்ளுபவனாயினும், தானாக அறியாதவனாயினும், உறுதியானதைச் சொல்லுதல் உழையிருந்தானின் கடமை என்பது அக்குறளின் கருத்து. பக்கத்தில் இருப்பது என்பது ஏவியதைச் செய்வது மட்டுமன்று. அறிந்து சொல்வதும் அதன் பகுதியே. உழைச்செல்வானுக்கும் இக்கடமை உண்டு எனக் கொள்வதில் தடையில்லை. பரிமேலழகரும் அவனுக்குரிய நான்கு தகுதிகளைக் கூறுமிடத்தில் நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்த் தூய்மை, சொன்னவற்றை அவ்வாறே செய்யும் ஆற்றல் ஆகியவற்றோடு அறிவையும் சேர்க்கிறார். சொற்பொருளில் அவனை மருந்தோடு கட்டிய உரையாசிரியரே, தகுதி கூறும்போது அன்பை முதலில் வைத்து அவனை நோயாளியின் பக்கம் நிறுத்துகிறார் என்பது நோக்கத்தக்கது.

வரிசை மாற்றம்

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கும் மரபு வடமொழி மருத்துவ நூல்களிலும் உண்டு. சரக சங்கிதை மருத்துவன், மருந்து, உபஸ்தாதா, நோயாளி என வரிசைப்படுத்துகிறது. சுசுருத சங்கிதை மருத்துவன், நோயாளி, மருந்து, பரிசாரகன் என்கிறது. உபஸ்தாதா என்னும் சொல்லும் அருகில் நிற்பவன் என்றே பொருள்படும். கூறு ஒவ்வொன்றுக்கும் நான்கு தகுதி என்னும் சரகரின் பகுப்பும் பரிமேலழகர் உரையில் எதிரொலிக்கிறது. ஆயினும் வரிசையில் குறள் வேறுபடுகிறது. வடநூல்கள் இரண்டும் மருத்துவனை முதலில் வைக்கின்றன. குறள் நோயுற்றவனை முதலில் வைக்கிறது. இதற்கு முந்தைய 949ஆம் குறளிலும் நோயுற்றவனின் அளவே முதலில் கருதப்பட வேண்டியதாகக் கூறப்படுகிறது. எனவே இவ்வரிசையை யாப்புத் தேவையால் மட்டும் நேர்ந்ததெனத் தள்ள இயலாது.

வரிசையின் இரு முனைகளில் நோயுற்றவனும் உழைச்செல்வானும் நிற்கின்றனர். மருத்துவனும் மருந்தும் இடையில் உள்ளனர். மேலும், ‘மருந்து’ என்னும் சொல் இக்குறளில் இருமுறை வருகிறது. ஒருமுறை நான்கு கூறுகளுள் ஒன்றாகிய மருந்துப் பொருளையும், மற்றொருமுறை நான்கையும் உள்ளடக்கிய மருத்துவம் முழுவதையும் அது குறிக்கிறது. கையில் கொடுக்கப்படும் மருந்து மருத்துவத்தில் நான்கில் ஒரு பங்கே என்பதை இச்சொல்லாட்சி உணர்த்துகிறது. இடையிலுள்ள இரு கூறுகளும் தளர்ந்துபோகும்போது முனைகளில் நிற்கும் இருவர் நிலை என்னாகும் என்னும் வினாவுக்குக் கோலார் தங்க வயல் விடை தருகிறது.

நோய்முதல்: தங்க வயலின் பின்புலம்

பங்காருபேட்டை முன்பு பௌரிங்பேட்டை எனப்பட்டது. சென்னை–பெங்களூரு இருப்புப்பாதையில் அமைந்த இச்சந்திப்பிலிருந்து மாரிக்குப்பத்துக்குச் செல்லும் கிளைப்பாதையே தங்க வயலை வெளியுலகோடு இணைப்பது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கத் தொழிலை நடத்தியது. வடஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள், அவர்களுள்ளும் பெரும்பான்மையாக ஒடுக்கப்பட்ட சாதியினர், சுரங்கத்தின் அடிமட்ட வேலைகளைச் செய்தனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து இங்கு மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1972இல் நடுவணரசின் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி இறுதியில் அந்நிறுவனம் மூடப்பட்டது.

948ஆம் குறள் நோயை அறிவதோடு நோய்முதலையும் அறிய வேண்டும் என்கிறது. உரைமரபு நோய்முதலை வாதம் முதலியவற்றின் மிகுதி குறைவாக உடலுக்குள் காண முற்பட்டது. தங்க வயலில் நோய்முதல் உடலுக்கு வெளியே, பாறையில் இருந்தது. தங்கம் கலந்த படிகப்பாறையைத் துளையிடும்போதும் வெடிவைக்கும்போதும் எழும் நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி, தழும்பை உண்டாக்கி, மூச்சின் அளவைக் குறைக்கிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் இங்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டது. இதனை முற்றிலும் தீர்க்கும் மருந்து இல்லை. சுரங்கத்தை விட்டு வெளியேறிய பின்னும் இந்நோய் வளரக்கூடும் என்பதும், இந்நோயுடையோர்க்குக் காசநோய் எளிதில் பற்றும் என்பதும் மருத்துவம் கண்ட உண்மைகள். எனவே இளமையில் உண்ட தூசு முதுமையில் நோயாக வெளிப்படுவதுண்டு. சுரங்கம் மூடப்பட்டதோடு சுரங்கத்தின் நோய் மூடப்படவில்லை. ஆலைக் கழிவாகக் குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து காற்றுக் காலத்தில் எழும் தூசு, இன்றும் ஊரின் மீது படிகிறது.

நாற்கூறும் தங்க வயலும்

பரிமேலழகர் நோயுற்றவனுக்குக் கூறும் தகுதிகள் பொருளுடைமை, மருத்துவன் சொல்வழி நிற்றல், நோயின் நிலையை எடுத்துரைக்கும் வன்மை, மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் என்பன. இவற்றுள் முதலாவதாகிய பொருளுடைமை, சுரங்கம் மூடப்பட்டதால் வேலை இழந்த தொழிலாளியிடம் இல்லை. மூன்றாவதாகிய எடுத்துரைக்கும் வன்மை மேலும் கூர்ந்து நோக்கத்தக்கது. சிலிக்கோசிஸ் நோயை உறுதி செய்வதற்கு மார்பு எக்ஸ்ரேயோடு பணி வரலாறும் வேண்டும். நிலத்தடியில் எத்தனை ஆண்டு, எந்த வேலை, எவ்வளவு தூசு என்பவற்றை நோயாளி சொன்னாலன்றி மருத்துவர் அறிய இயலாது. சொல்லப்படாதபோது இந்நோய் காசநோய் எனவும், முதுமையின் இயல்பான மூச்சுத்திணறல் எனவும் தவறாகக் கொள்ளப்படுவதுண்டு. தமிழில் வாழ்ந்த தொழிலாளி, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடைபெறும் மருத்துவமனைச் சூழலில், இருமலுக்கிடையே அரைநூற்றாண்டுப் பணி வரலாற்றைச் சொல்ல வேண்டியுள்ளது.

மருத்துவன் என்னும் கூறும் இங்கு விலகிச் சென்றது. சுரங்க நிறுவனத்தின் மருத்துவமனை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தொழிலாளர் குடியிருப்புகளின் நடுவே இயங்கியது. 2001க்குப் பின் அது பூட்டிக் கிடந்தது. 2021 பெருந்தொற்றுக் காலத்தில் தன்னார்வத் தொண்டர்கள் அதனைத் துப்புரவாக்கிச் சிகிச்சைக்கு ஆயத்தம் செய்தபோதுதான் அக்கட்டடம் மீண்டும் செய்தியாயிற்று. மருந்துக்குரிய தகுதிகளுள் எளிதில் கிடைத்தல் என்பதையும் பரிமேலழகர் கூறுகிறார். நடந்து செல்லும் தொலைவில் இருந்த சிறப்பு மருத்துவம் கோலாருக்கும் பெங்களூருவுக்கும் தள்ளிச் சென்றபோது, மூச்சு வாங்கும் முதியவருக்கு அத்தகுதி அற்றுப்போயிற்று.

மருத்துவன் தொலைவிலும் தீர்க்கும் மருந்து இல்லாமலும் ஆனபின் எஞ்சுவது உழை ஒன்றே. உழைச்செல்வானை மருந்து இயற்றுபவன் என்று மட்டும் கொண்டால், தீர்க்கும் மருந்தில்லா நோயில் அவனுக்குப் பணியே இல்லை என்றாகும். நோயாளியின் பக்கத்தில் இருப்பவன் எனக் கொண்டால், மருந்து தோற்கும் இடத்திலும் அவன் பணி தொடரும். சாய்த்துப் படுக்க வைத்தல், அடுப்புப் புகையும் தூசும் அண்டாது காத்தல், ஒரே வேளையில் மிகாமல் சிறுகச் சிறுக உணவூட்டல், காய்ச்சலும் எடை குறைவும் கண்டால் காசநோய்ச் சோதனைக்கு அழைத்துச் செல்லல், பழைய பணிச் சான்றைப் பாதுகாத்து மருத்துவரிடம் காட்டல் என அப்பணி விரியும். உணவின் அளவைக் கூறும் ஆறு குறள்களும் இந்நிலையில் உண்பவனுக்கு மட்டுமன்றி ஊட்டுபவர்க்கும் உரியனவாகின்றன.

உழையில் நிற்பவள்

குறளின் சொல் ஆண்பால் ஈறு பெற்றுள்ளது. தங்க வயலின் இல்லங்களில் அப்பணியைச் செய்வோர் பெரும்பாலும் மனைவியர், மகளிர், மருமகளிர். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து நீண்டகாலம் விலக்கி வைத்திருந்தது. தாம் ஒருநாளும் இறங்கிப் பாராத சுரங்கத்தின் நோயை இப்பெண்கள் வீட்டில் இருந்து பேணுகின்றனர். இளைய தலைமுறையினரில் பலர் விடியுமுன் புறப்படும் தொடர்வண்டியில் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பிள்ளைகளிடம் அன்பில்லாமல் இல்லை. அவர்கள் பகற்பொழுது ஊரில் இல்லை. முதியவரின் பகலைக் காப்பவர் மற்றொரு முதியவராகிய மனைவியே என்னும் நிலை இதனால் உருவாகிறது. உழைச்செல்வாளுக்கு முதுகு வலியும் நீரிழிவும் வந்தால் அவளுக்கு உழைச்செல்வார் யார் என்னும் வினா நாற்கூற்றுப் பகுப்பில் எழுப்பப்படவில்லை.

சட்டங்களும் இவளை அரைகுறையாகவே அறிகின்றன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தொழிலாளி இறந்தபின் அவன் மனைவியைச் சார்ந்திருப்போருள் ஒருவராக ஏற்றது. அவன் இருமிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவள் செய்த பணிக்கு அதில் பெயர் இருக்கவில்லை. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம் உணவு, உடை, உறையுள், மருத்துவக் கவனிப்பு ஆகியவற்றைப் பராமரிப்பு என வரையறுக்கிறது. மாதத்துக்கு 10,000 ரூபாய் வரை வழங்கப் பிள்ளைகளைப் பணிக்கவும் வழி செய்கிறது. அச்சட்டம் இயற்றப்பட்டபோது ‘பிள்ளைகள்’ என்னும் வரையறையில் மகன், மகள், பேரன், பேத்தி இடம்பெற்றனர், மருமகள் இடம்பெறவில்லை. பணம் தரவேண்டியவர் யார் என்பதைச் சட்டம் அறிகிறது. பக்கத்தில் இருப்பவர் யார் என்பதை அறியவில்லை. 70 வயது நிறைந்தோர் அனைவருக்கும் 2024இல் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உரியது. வீட்டில் பல்லாண்டு நீளும் பேணுதல் அதன் எல்லைக்குள் வருவதில்லை.

உழையை வலுப்படுத்தும் முயற்சிகளும் இல்லாமல் இல்லை. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் அக்கம்பக்கத்தாரைப் பயிற்றுவித்து வீடுதோறும் அனுப்பியது. 2008இல் அம்மாநிலம் அதற்கெனக் கொள்கை வகுத்தது. தங்க வயலுக்கு அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, மருந்தோடு இயன்முறைச் சிகிச்சையையும் நோய் தணிப்புப் பராமரிப்பையும் இல்லத்துக்குக் கொண்டு செல்கிறது. இராசத்தான் அரசு 2019இல் சிலிக்கோசிஸ் முதலிய தூசு நோய்களுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. இவற்றைக் குறளின் பகுப்பில் வைத்து நோக்கினால், அன்பு குடும்பத்தில் உள்ளது. ஆற்றலையும் அறிவையும் பொதுநிறுவனம் வழங்க வேண்டும் என்னும் தெளிவு பிறக்கிறது. உழைச்செல்வானின் நான்கு தகுதிகளையும் குடும்பமே தனித்துப் பெற்றிருக்க வேண்டும் என்று குறள் எங்கும் கூறவில்லை.

தண்டும் துணையும்

முதுமையைப் பாடிய சங்கப் பாடல்களுள் புறநானூற்று 243ஆம் பாட்டு பெரிதும் பாராட்டப்பட்டது. இறந்தோரைப் பாடும் கையறுநிலைத் துறையில், இறந்துபோன தன் இளமையையே ஒரு முதியவர் பாடுகிறார். கரையில் நின்றோர் வியக்க ஆழ்ந்த நீரில் குதித்து, அடிமணலை அள்ளி வந்த இளமை ஒருபுறம். நடுங்கிக் கோலூன்றி, இருமலுக்கு நடுவே சில சொற்களே வெளிவரும் முதுமை மறுபுறம். அக்கோலால் புலவர் ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ எனப் பெயரும் பெற்றார். ஆழத்தில் இறங்கி அடியிலுள்ளதை மேலே கொணர்ந்த இளமையும் இருமலால் சொல் தடைப்படும் முதுமையும் தங்க வயல் தொழிலாளியின் வாழ்வுக்கு வியப்பூட்டும் வகையில் பொருந்துகின்றன. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மணல் எடுத்தவர் விளையாட்டாக இறங்கினார்; தொழிலாளி பிழைப்புக்காக இறங்கினார். முன்னவரின் இருமல் காலம் தந்தது; பின்னவரின் இருமல் வேலை தந்தது. இரண்டையும் ‘மூப்பு’ என்னும் ஒரே சொல்லால் மூடுவது நோய்முதலை மறைப்பதாகும்.

அப்பாட்டில் முதியவருக்கு அருகில் மனிதர் எவரும் காட்டப்படவில்லை. தண்டு மட்டுமே உள்ளது. புறப்பாட்டில் தண்டு நின்ற இடத்தில் குறள் ஒரு மனித உயிரை நிறுத்துகிறது. முதுமையைத் தனிமனிதத் துயரமாகப் பாடும் மரபுக்கும், நோயை நால்வரின் கூட்டுப்பணியாக வகுக்கும் மரபுக்கும் உள்ள வேறுபாடு இது. இக்காலப் புனைவுலகம் முன்னதையே பெரிதும் பின்பற்றியுள்ளது. தங்க வயலைக் களமாகக் கொண்டு 2018இல் வந்த ‘கே.ஜி.எஃப்.’ திரைப்படமும் 2024இல் வந்த ‘தங்கலான்’ திரைப்படமும் தோண்டுவோரின் உடல் வலிமையைக் காட்டின. தோண்டியவர் முதுமையுற்றபின் அவர் அருகில் அமர்ந்திருப்பவரைக் காட்டுவது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவல் முதுமையைப் பற்றியதன்றெனினும், மருத்துவமனை வாயிலில் காத்துக்கிடக்கும் குடும்பத்தைக் கதையின் மையத்தில் வைத்த வகையில் உழைச்செல்வாருக்கு இடமளித்த அரிய படைப்பாகக் கருதத்தக்கது.

திருக்குறளுக்கும் தங்க வயலுக்கும் உள்ள வரலாற்றுத் தொடர்பும் இங்கு நினைக்கத்தக்கது. சித்த மருத்துவராகிய அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவருடைய எழுத்துகளைச் சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்டது. ‘தமிழன்’ இதழில் அவர் எழுதிவந்த குறளுரை 1914இல் அவர் மறைந்தமையால் முற்றுப்பெறவில்லை. ‘மருந்து’ அதிகாரம் வரை அது எட்டவில்லை. சுரங்கத் தொழிலாளரைத் தம் வாசகராகப் பெற்றிருந்த ஒரு மருத்துவரின் உரை இவ்வதிகாரத்துக்குக் கிடைத்திருப்பின், நோய்முதலும் உழையும் வேறு ஒளியில் விளக்கம் பெற்றிருக்க வாய்ப்புண்டு.

முடிவுரை

உழை என்பது நோயுற்றவனின் பக்கம் என்பதைக் குறளின் பிற ஆட்சிகளும் இலக்கண மரபும் உறுதிப்படுத்துகின்றன. வடநூல் வரிசையிலிருந்து விலகி நோயுற்றவனை முதலிலும் உழைச்செல்வானை முடிவிலும் வைத்த குறள், மருத்துவனையும் மருந்தையும் இவ்விருவருக்கும் இடையிலேயே அமைக்கிறது. தீர்க்கும் மருந்தில்லாத தொழில்நோயும் மூடப்பட்ட மருத்துவமனையும் சேர்ந்த தங்க வயலின் முதுமை, இவ்வமைப்பின் பொருளைத் தெளிவாக்குகிறது.

தங்க வயலின் முதல் தலைமுறைச் சுரங்கத் தொழிலாளர் மறைந்தனர். இறுதித் தலைமுறையினரும் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களின் பணி வரலாற்றையும் நோய் மொழியையும் நினைவில் வைத்திருப்போர் அவர்களைப் பேணும் பெண்களே. தொழிலாளியின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கும் ஆய்வாளர்கள் அப்பெண்களின் கூற்றையும் சேர்த்துத் தொகுப்பது காலத்தின் தேவையாகும். அத்தொகுப்பு குறளுக்குப் புதிய உரையாக அமைவதோடு, நோயை உறுதிசெய்து இழப்பீடு பெறுவதற்குரிய சான்றாகவும் பயன்படும்.